நிலவறையில் ஒரு குவிமாடம்

“அம்மா, மன்னாரில எங்கட பங்கருக்கு மேல பனங்குத்தியும் மண்மூடையும்தானே இருந்தது? இவையள் இவ்வளவு கொங்கிறீட்டுப் போட்டிருக்கினம். அப்ப இவையளுக்குப் போடுற குண்டு எவ்வளவு பெரிசாயிருக்கும்?”

ஏழு வயது எலேனா இதைக் கேட்டது 1993ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், சுவிற்சர்லாந்தின் வட எல்லையில், ஒரு பாடசாலைக்கு அடியில். ஷாஃப்ஹவுசனிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வரும் சிற்றூர் அது. யுத்தம் வந்தால் சனம் இறங்கித் தப்பிக்கொள்ளட்டும் என்று பாடசாலையின் கீழே ஒரு நிலவறையைக் கட்டி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு யுத்தம் வரவில்லை. மற்ற நாடுகளின் யுத்தங்களிலிருந்து ஓடி வந்தவர்களுக்கு மேலே இடம் போதாமற்போனபோது அதைத் திறந்துவிட்டார்கள்.

இறங்குவதற்கு முப்பத்திரண்டு படிகள். ஒரு அடி தடிப்பான இரண்டு கதவுகள். உள்ளே மூன்றடுக்குக் கட்டில்கள், நீல மெத்தைகள், கூரையோடு ஓடும் காற்றுக் குழாய்களின் ஓயாத இரைச்சல். ஜன்னல் கிடையாது. விடிந்ததும் இருண்டதும் குழல்விளக்கைப் போடுகிறவரின் கையில் இருந்தது.

பிள்ளையை இப்படி நினைக்க வைத்தவள் தானே என்பதுதான் தாய் இமெல்டாவை அதிகம் வாட்டியது.

அவர்கள் வந்து சேர்ந்த அன்று, பாடசாலை மைதானத்தைக் கடக்கும்போது, சுவிஸ் இராணுவத்தின் பயிற்சி விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. இமெல்டா யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் தந்த விமானம் எதையும் அவள் மன்னாரில் கண்டதில்லை. பிள்ளையை இழுத்துக்கொண்டு திறந்திருந்த வாசலுக்குள் பாய்ந்தாள். படிகளில் ஓடி இறங்கி, கடைசிக் கட்டிலின் கீழ்த்தட்டுக்குள் அவளைத் தள்ளி, ஊரில் எத்தனையோ தடவை சொன்னதையே சொன்னாள்:

“அம்மா சொல்லுமட்டும் மேல வரக்கூடாது.”

பத்து நிமிடத்தில் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. “ஒண்டுமில்லைப் பிள்ளை, வா” என்றாள். எலேனா வரவில்லை. ஊரில் ஒருமுறை “போயிட்டுது, வா” என்று அம்மா சொல்லி மேலே வந்தபோது போன விமானம் திரும்பி வந்தது. கிணற்றடியில் நின்ற அயல்வீட்டுக்காரி அன்று செத்துப்போனாள். பிள்ளை அதை மறந்திருக்கவில்லை.

கெஞ்சிப் பார்த்தாள். இனிப்பு வாங்கி மேற்படியில் வைத்துப் பார்த்தாள். ஒருநாள் தூக்கிக்கொண்டு ஏறினாள். முதற்கதவைத் தாண்டும்போது எலேனா அலறிய அலறலில் மூச்சு இழுத்து, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் பிள்ளையைத் தொட்டு இழுக்கவில்லை. கணவன் தொண்ணூற்றோராம் ஆண்டில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மிஞ்சியது இந்த ஒரு பிள்ளை. பிள்ளை ஏறாத படிகளில் அவளும் தேவைக்கு மேல் ஏறுவதில்லை.

மார்கழி முதல் கிழமையில் நிலவறைப் பொறுப்பாளர் ஒரு கடிதத்தோடு வந்தார். அவரை ஃபிராவ் அம்மான், அதாவது திருமதி அம்மான், என்று கூப்பிடுவார்கள். கெட்டவர் அல்ல. ஆனால் கடிதத்தை வாசிக்கும்போது அவர் இமெல்டாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“தை பத்தாம் தேதி பாடசாலை தொடங்குகிறது. அன்றைக்கு எலேனா வகுப்புக்கு வரவேண்டும். இல்லையென்றால் டொக்டர் அவளை நகரத்தில் ஒரு சிறுவர் விடுதியில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். வெளிச்சமும் வெளிக்காற்றும் இல்லாமல் நுரையீரல் கெடுகிறதாம். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கலாம்.”

அவர் போன பிறகு பக்கத்துக் கட்டில் உருத்திரமூர்த்தி வந்து நின்றார். மட்டக்களப்புக்காரர். அழுகிற வீட்டிலும் பகிடி விடாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

“பொம்பிளைக்கு அம்மான் எண்டு பேர் வெச்சிருக்கானுகள் தங்கச்சி. அப்ப மாமிமாருக்கு என்ன பேர் வெப்பானுகள்?” என்றார். இமெல்டா சிரிக்கவில்லை. அவர் தன் பங்குக்கு வந்த அப்பிள் பழத்தை எலேனாவின் தலையணையில் வைத்துவிட்டுப் போனார்.

எதிர்க்கட்டிலில் இருந்தவர் சாலிஹ். பொஸ்னியாவிலிருந்து வந்தவர், வயது ஐம்பத்தெட்டு, கல்வேலைக்காரர். இளவயதில் ஜெர்மனியில் வேலை செய்ததால் ஜெர்மன் பேசுவார். அவருடைய ஜெர்மனும் இமெல்டாவின் கிழமைக்கு இரண்டு வகுப்பு ஜெர்மனும் சேர்ந்து ஒரு மாதிரி ஒரு பாஷை ஆகியிருந்தது. இரண்டு பேரையும் விட எலேனா அதைச் சரளமாகப் பேசினாள்.

சாலிஹ் நாள் முழுவதும் மட்டை வெட்டுவார். சமையலறையில் கழித்துவிடும் பாஸ்தாப் பெட்டி, பிஸ்கற் பெட்டி எல்லாம் அவரிடம் போகும். பெட்டியைப் பிரித்து, உள்பக்கத்துச் சாம்பல் மட்டையில் பென்சிலால் ஏதோ எழுதி, கோடு போட்டு, வெட்டி, கோதுமை மாப்பசையால் ஒட்டுவார். இடது தோள் உயராது என்பதால் மட்டையை நாடியால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். பழைய மேசைப் பலகை ஒன்றின் மேல் முதலில் மூன்று பக்கமும் சுவர் எழுந்தது; உள்ளே தெரியும்படி முன்பக்கத்தைத் திறந்து விட்டார். பிறகு மூலைகளில் தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்ன அறைகள் வந்தன.

“இது என்னத்துக்கு?” என்று எலேனா கேட்டாள்.

“கீழே சதுரம். மேலே வட்டம். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை. மூலையில் இருக்கிற இவர்கள்தான் சமாதானம் பண்ணுகிறவர்கள்” என்றார் சாலிஹ்.

சுவரில் இரண்டு வரிசை ஜன்னல் வெட்டினார். கீழ்வரிசை நிலத்தோடு ஒட்டியிருந்தது. தரையில் இருக்கிறவனுக்கும் வெளியே மரம் தெரியவேண்டும் என்றார். தோடம்பழத் தோலைச் சுளை சுளையாய் உரித்ததுபோல் மட்டையைக் கீறி, வளைத்து, குவிமாடத்தைக் கவிழ்த்தார். அதன் அடிவிளிம்பைச் சுற்றி இருபத்துநாலு சிறு ஜன்னல்.

இந்த மனிதருக்கும் எலேனாவுக்கும் இடையில் வேறொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அவள் அவரிடம், “மேல பிளேன் போயிட்டுதோ?” என்று கேட்டாள். எல்லாரிடமும் கேட்பதுதான். எல்லாரும் “இங்கே அப்படி ஒன்றும் இல்லை” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சாலிஹ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “தெரியாது. பார்த்துவிட்டு வருகிறேன்” என்று எழுந்து படியேறிப் போனார். அரை மணித்தியாலம் கழித்து, தலையில் பனித்தூளோடு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

“வடக்குப் பார்த்தேன். இல்லை. தெற்குப் பார்த்தேன். இல்லை. கிழக்கில் மேகம். மேகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.”

எலேனா தலையை ஆட்டினாள். “அப்ப இண்டைக்கு வேண்டாம்.”

“வேண்டாம்” என்றார் அவரும்.

அதன்பிறகு நாள்தோறும் மதியத்துக்கு முன் அவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை கொடுத்தார். “ஒரு காகம்.” “ஒரு பெரிய விமானம், மிக உயரம், ஆட்களை ஏற்றிப் போவது.” ஒருநாள் வந்து, “இன்றைக்கு இரண்டு. இராணுவத்துடையது. தாழப் போனது” என்றார். எலேனா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

இமெல்டாவுக்குக் கோபம் வந்தது. சமையலறையில் அவரை மறித்தாள். “ஏன் சொன்னீர்கள்? இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால்…”

“சொல்லியிருந்தால், நாளைக்கு மேலே வந்து சத்தம் கேட்பாள். பிறகு என்னையும் நம்பமாட்டாள். நான் பார்த்ததைத்தான் சொல்வேன், ஃபிராவ் இமெல்டா.”

அவள் பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் தன்னைக் குற்றம் சொல்லவில்லை என்று தெரிந்தும் வலித்தது.

நத்தார், இயேசு பிறந்த திருநாள், நெருங்கியது. மன்னாரில் திருவருகைக் காலம் தொடங்கியதும் பங்கு ஆட்கள் பாலன்குடில் கட்டத் தொடங்குவார்கள். ஒருவருடம் கப்பல், ஒருவருடம் மாளிகை, ஒருவருடம் குகை. எந்த உருவத்தில் கட்டினாலும் முன்பக்கம் திறந்திருக்கும், நடுவில் ஒரு மாடம் இருக்கும், இருபத்துநாலாம் தேதி இயேசு பாலனைக் கிடத்தும்வரை அது வெறுமையாகக் கிடக்கும். சாலிஹ் கட்டிய வீட்டுக்கும் முன்பக்கச் சுவர் இல்லை. உள்ளே பின்சுவரின் நடுவில், தேன்கூட்டுக் கூரையோடு, மாதா கெபி மாதிரி அழகான ஒரு மாடம். அது வெறுமையாகத்தான் கிடந்தது. மார்கழி மாதத்தில் ஒரு மனிதன் இப்படி ஒன்றைப் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து கட்டினால் அது என்னவென்று கேட்பதற்கு என்ன இருக்கிறது? இமெல்டா கேட்கவில்லை. ஒவ்வொரு இரவும் செபமாலை முடிவில் அவருக்காக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லிக்கொண்டாள்.

இருபத்துநாலாம் தேதி பின்னேரம் சாலிஹ் துணி துவைக்கப் போயிருந்தார். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள் என்பதால் இமெல்டா பொழுதோடேயே ஆயத்தப்படுத்தினாள். மன்னாரிலிருந்து சட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்த களிமண் பாலனை எலேனா முத்தமிட்டு மாடத்துக்குள் கிடத்தினாள். இருவரும் முழங்காலில் இருந்து பாடத் தொடங்கினார்கள்.

உருத்திரமூர்த்தி பதறிக்கொண்டு வந்தார். “ஐயோ தங்கச்சி! என்ன வேலை பாத்தாய்? அது பள்ளிவாசல் எல்லோ! அந்த மனிசன்ட ஊர்ப் பள்ளிவாசல்!”

“என்ன அண்ணை கதைக்கிறியள்?”

அவர் குனிந்து சாலிஹின் கட்டிலுக்குக் கீழேயிருந்து நீளமான மட்டைக் குழல் ஒன்றை இழுத்து எடுத்தார். மேலே கூராக, நடுவில் ஒரு சின்ன வளைய மாடியோடு இருந்தது. “இந்தா, மினாரா. முந்தியே எனக்குக் காட்டினவர். நிப்பாட்டினா காத்துக் குழாயில முட்டுது எண்டு கீழ வெச்சிருக்கார்.”

இமெல்டா சட்டென்று குனிந்தாள். பாலனை எடுக்கப் போனபோது பின்னால், “விடுங்கள்” என்ற குரல் கேட்டது. ஈரத்துணி வாளியோடு சாலிஹ் நின்றுகொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாது. எங்கட ஊர்க் குடில் எண்டு…” ஜெர்மன் வரவில்லை, தமிழிலேயே சொன்னாள். அவர் விளங்கிக்கொண்டார்.

வாளியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மாடத்தின் மேல்விளிம்பை விரலால் தொட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“தொழுகிற திசையைக் காட்டுகிற மாடம் இது. துருக்கியர் ஆண்ட காலத்தில் கட்டியது, நானூறு வருடம். இதற்கு மேலே கல்லில் ஒரு வரி செதுக்கியிருந்தது. அந்தக் காலத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றில் அதே வரிதான் இருக்கும். யாரைப் பற்றி என்று தெரியுமா? மரியாவைப் பற்றி. அடைத்த அறையில் தனியே இருக்கிறாள். கிழவர் சகரியா அவளைப் பார்க்க வருகிறார். வரும்போதெல்லாம் அவளிடம் சாப்பாடு இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். கடவுளிடமிருந்து என்கிறாள். அவ்வளவுதான். முப்பது வருடம் நான் ஏணி வைத்து ஏறி அந்த எழுத்துகளில் தூசி துடைத்திருக்கிறேன். இன்றைக்கு அவளுடைய மகன் வந்து கீழே படுத்திருக்கிறான். படுத்திருக்கட்டும்.”

எலேனா ஓடிப்போய் அன்றைக்குக் கிடைத்த அப்பிளில் ஒரு துண்டு கொண்டுவந்து மாடத்தின் பக்கத்தில் வைத்தாள்.

“இப்போதும் அந்த வரி இருக்கிறதா?” என்று இமெல்டா கேட்டாள்.

“சித்திரை மாதம் ஊரைப் பிடித்தவர்கள் பள்ளிவாசலுக்கு வெடி வைத்தார்கள். விடிந்ததும் கல்லையெல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பக் கட்டக்கூடாது என்று. எதிர்வீட்டுக்காரர் நாற்பது வருடம் எங்களோடு கோப்பி குடித்தவர்கள். அன்றைக்கு அவர்கள் ஜன்னலைத் திறக்கவில்லை. கெட்டவர்கள் அல்ல. பயம்.”

இமெல்டா தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஐப்பசியில், மன்னார்த் தீவிலிருந்த முஸ்லிம்களையெல்லாம் வெளியேறச் சொல்லித் துவக்கு ஏந்திய இயக்கப் பொடியள் ஒலிபெருக்கி பிடித்தபோது, அடுத்த வளவு ரஹ்மத்தும்மா ஒரு பையோடு கடற்கரைக்கு நடந்தாள். எலேனாவுக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில் கூட இருந்து விழித்தவள். வேலிக்கு அருகில் அவள் நடை தளர்ந்தது. ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்திருக்கலாம். இமெல்டா ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றாள். அதை அவள் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறாள். சொன்னதனால் அது போய்விடவில்லை.

நத்தாருக்கு மறுநாள். சாலிஹ் மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

“நாலு பக்கமும் பார்த்தேன். மேகமும் இல்லை. நீலம். ஒரு காகம்கூட இல்லை.”

எலேனா பேசவில்லை. மாடத்துக்குள் எட்டிப் பார்த்து, “பாலனுக்கு உள்ள இருட்டாயிருக்கு. இவ்வளவு ஜன்னல் வச்சும் ஏன் இருட்டு?” என்றாள்.

“ஜன்னலில் பிழை இல்லை. ஜன்னல் வேலை செய்யவேண்டுமென்றால் சூரியன் வேண்டும். இந்த ஜன்னல்களை மேலே கொண்டுபோகவேண்டும்.” அவர் பலகையின் ஒரு பக்கத்தைப் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தார். “என் தோள் விடாது.”

“நான் தூக்கிறன், விடுங்க” என்று உருத்திரமூர்த்தி எழுந்தார். சாலிஹ் அவரைப் பார்த்த பார்வையில் அவர் திரும்ப உட்கார்ந்து, இடுப்பில் கை வைத்து, “எனக்கும் நாரி பிடிச்சிருக்கு” என்றார்.

எலேனா கட்டிலிலிருந்து இறங்கினாள். பலகையின் மறுபக்கத்தில் ஒரு கையை வைத்தாள். மற்றக் கையை உள்ளே விட்டுப் பாலன் உருளாமல் பிடித்துக்கொண்டாள். கூடப் போகலாமா, பேசலாமா என்று இமெல்டாவுக்குத் தெரியவில்லை. சுவரோடு ஒட்டி நின்றாள்.

முதற்கதவு. எலேனா நின்றாள். சாலிஹும் நின்றார். அவர் “வா” என்று சொல்லவில்லை. “முன்னுக்கு நான் போகிறேன். ஏதாவது கண்டால் உடனே சொல்வேன்” என்றார். ஒவ்வொரு படியாக ஏறினார்கள். பத்தாம் படியில் பலகை சரிந்தது. எலேனா, “மெதுவா, மெதுவா! பாலன்!” என்று அவரைத்தான் அதட்டினாள். இரண்டாம் கதவு. அதற்குப் பிறகு இமெல்டாவின் கண்ணுக்கு அவர்கள் தெரியவில்லை. காற்றுக் குழாயின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் கர்த்தர் கற்பித்த செபத்தைத் தொடங்கி, பாதியில் மறந்து, திரும்பத் தொடங்கினாள்.

மேலிருந்து சத்தம் வந்தது. “அம்மா! இஞ்ச ஓடி வாங்கோ! இருபத்துநாலும் எரியுது!”

மைதானம் வெள்ளையாகக் கிடந்தது. பனியின் மேல் வைத்த பலகையில், குவிமாடத்தின் இருபத்துநாலு ஜன்னல்களும் ஒளிர, சூரியன் பக்கத்து ஜன்னல்களால் வெயில் இறங்கி, உள்ளே தரையில் காசு காசாய் விழுந்திருந்தது. ஒன்று பாலனின் வயிற்றில் இருந்தது. எலேனா குப்புறப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது நாளுக்குப் பிறகு அவள் தலைமயிரில் வெயில் பட்டது.

அதற்குப் பிறகு நாள்தோறும் அவள் மேலே வந்தாள். ஆனால் பள்ளிவாசல் முன்னால் போகவேண்டும். அது வெளியே இருக்கும்வரைதான் அவளும் இருப்பாள். அதை உள்ளே எடுத்தால் அவளும் உள்ளே. சாலிஹ் எடுக்கவில்லை. காலையில் ஏற்றினால் பொழுதுபடத்தான் இறக்குவார். பனி தூவியது. ஒருநாள் மழைத்தூறல். மட்டை ஊறியது, மாப்பசை விட்டது, தேன்கூட்டு மூலைகள் ஒவ்வொன்றாய்த் தொங்கின. இமெல்டா பிளாஸ்ரிக் போர்வை கொண்டுவந்தாள். “மூடினால் ஜன்னல் தெரியாது என்கிறாள்” என்று அவர் மறுத்துவிட்டார். தை ஆறாம் தேதி, மூவிராசாக்கள் திருநாளன்று, குவிமாடம் நடுவால் உள்ளே இறங்கியது. எலேனா அப்போது ஊர்ப் பிள்ளைகளோடு பனியில் சறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாலிஹ் ஊறிய துண்டுகளைப் பலகையில் கூட்டி இமெல்டா பக்கம் தள்ளினார். “காகிதம்தானே. குப்பைப் பைக்குள் போடுங்கள்” என்றார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

பத்தாம் தேதி எலேனா பாடசாலைக்குப் போனாள். ஃபிராவ் அம்மான் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். மாசியில் தாய்க்கும் மகளுக்கும் ஷாஃப்ஹவுசனில் ஒரு அறை கிடைத்தது. சாலிஹை வேறு முகாமுக்கு மாற்றினார்கள்.

மூன்று வருடம் கழிந்தது. இமெல்டா ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தாள். 1996 கார்த்திகையில் ஒருநாள், வேலை முடிந்து ஏறிய பஸ்ஸில் சாலிஹ் உட்கார்ந்திருந்தார். கிழவராகிவிட்டார். அவளைக் கண்டதும் எழுந்து, நெஞ்சில் கை வைத்தார்.

“எலேனா?”

“ஐந்தாம் வகுப்பு. வீட்டில் நிற்கிறதே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை நோகிறது.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நாலு பஸ் தரிப்புக்கு அப்பால் ஒரு மாடிக் கட்டடத்தில் இருக்கிறாராம். யுத்தம் முடிந்தது, வசந்தத்துக்குள் திரும்பிப் போகவேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறதாம்.

“போவது நல்லது. ஆனால் வெறுங்கையோடு போகிறேன்” என்றார். “ஊரார் எழுதுகிறார்கள். ஒருகாலத்தில் திரும்பக் கட்ட விடுவார்களாம், அளவுகள் வேண்டுமாம். வரைபடங்கள் நகரசபையோடு எரிந்துவிட்டன. அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு மூலையிலும் நாடா பிடித்து அளந்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன். இருந்தும் என்ன, இப்போது தலைக்குள் எண்கள் எல்லாம் கலந்துபோகின்றன. ஒருநாள் குவிமாடம் பதினொரு மீற்றர் என்கிறேன், மறுநாள் பதின்மூன்று. நிலவறையில் இருந்தபோது எல்லாம் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு மட்டையின் உள்பக்கத்திலும் எழுதித்தான் வெட்டினேன். மாசி மாதம் சூரிச்சிலிருந்து ஒரு கட்டடக்கலைஞர் வந்து எல்லாவற்றையும் பிரதி எடுப்பதாக இருந்தது. பனியில் எழுத்தும் அழிந்துபோயிற்று, எண்கள் தலைக்குள் இருக்கும்தானே என்று நினைத்துவிட்டேன்.”

இமெல்டா அவர் பக்கம் திரும்பினாள். “ஏன் அப்போது ஒரு சொல் சொல்லவில்லை?”

“சொன்னால் என்ன செய்திருப்பீர்கள்? பிள்ளையைத் திரும்பக் கீழே கொண்டுபோயிருப்பீர்களா?”

அவருடைய தரிப்பு வந்தது. இறங்கி, கண்ணாடிக்கு வெளியே நின்று கை காட்டினார்.

அந்தத் துண்டுகள் குப்பைக்குப் போகவில்லை. கட்டியவருக்கு அது பள்ளிவாசல், இமெல்டாவுக்கோ பாலன் கிடந்த இடம். பாலன் கிடந்த வைக்கோலைக்கூட மன்னாரில் யாரும் குப்பையில் கொட்டமாட்டார்கள். அன்று அவள் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போய், ஒருவருக்கும் சொல்லாமல் ஒவ்வொரு துண்டையும் இரவில் துணி துவைக்கும் அறைக் கம்பியில் உலர்த்தி அடுக்கி வைத்திருந்தாள். பிறகு வந்த இரண்டு நத்தாருக்கும் மாடத்துச் சுவரை மட்டும் எடுத்து, மெழுகுதிரி கொளுத்தி, அதன் முன்னால்தான் பாலனைக் கிடத்தினாள். பின்னால் இருந்த பென்சில் எழுத்துகளைக் கண்டிருக்கிறாள். அது அவருடைய ஏதோ கணக்கு என்று நினைத்தாள்.

பஸ்ஸுக்குள்ளேயே சொல்லியிருக்கலாம். நாளைக்கே கொண்டுபோய்க் கையில் கொடுக்கலாம். கொடுத்தால் அவர் எழுந்து நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்வார். அந்த நன்றியை வாங்க அவளால் முடியாது. அவர் தன் பள்ளிவாசலைப் பனியில் வைத்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் படுத்தவர். சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, இதற்கு ஒரு பெயரும் புகழும் எடுத்துக்கொள்வதா?

மறுநாள் எலேனா பாடசாலைக்குப் போனதும் கதவைப் பூட்டிவிட்டுத் துண்டுகளைத் தரையில் பரப்பினாள். நூற்றுப் பதினேழு இருந்தன. பாஷை தெரியாது. ஆனால் சேரவேண்டிய இரண்டு ஓரங்களிலும் அவர் ஒரே அடையாளத்தைக் கீறியிருந்தார்: இரண்டு கோடு, ஒரு வளையம், ஒரு மீன் முள். அடையாளத்தைப் பார்த்துப் பார்த்துச் சுவர் சுவராகப் பிரித்தாள். வளைந்தவற்றை வெள்ளைத் துணிக்குள் வைத்து இளஞ்சூட்டில் அயர்ன் பண்ணினாள். கடைசியாக மாடத்துச் சுவர். இரண்டு நத்தார் மெழுகு அதன் பின்பக்கம்வரை ஒழுகி, இரண்டு எண்களை மூடியிருந்தது. சுரண்டினால் பென்சிலும் போய்விடும். சலவையில் மேசைவிரிப்புகளுக்குச் செய்வதுபோல் மேலும் கீழும் பேப்பர் வைத்து, அயர்னை மெல்ல ஒற்றி எடுத்தாள். பேப்பர் மெழுகைக் குடித்தது. ஏழு தடவை பேப்பர் மாற்றினாள். எட்டாவதில் எண்கள் தெரிந்தன. அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அந்தச் சுவரையும் மற்றவற்றோடு வைத்துக் கட்டினாள்.

அடுத்தநாள் காலை, பின்னேர வேலைக்குப் போகுமுன், அவருடைய தரிப்பில் இறங்கினாள். தரிப்புக்கு முன்னாலிருந்த மாடிக் கட்டடத்தின் வாசலில் பெயர்களோடு தகரப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. மேலே கடிதம் போடும் வாய், கீழே முற்காலத்தில் பால்காரனுக்கென்று வைத்த பூட்டில்லாத பெரிய அறை. மாடிப்படியில் யாரும் இல்லை. எங்கோ மேல்மாடியில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சாலிஹின் பெயர் இருந்த அறைக்குள் பொதியைச் சாய்க்காமல் வைத்தாள். பெயரோ கடிதமோ வைக்கவில்லை. தகரக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அது சரியாகப் பொருந்தாமல் திரும்பத் திறந்தது. பொதியை இன்னும் ஒரு விரல் உள்ளே தள்ளி, திரும்பச் சாத்தினாள்.

பிறகு வெளியே வந்து, எதிர்ப்பக்கத்துத் தரிப்பில் வேலைக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றாள்.